வேற்றுக்கிரக உயிருக்கு வண்ணம் தீட்டுகிறவர்களின் நுரையீரலுக்காக

சேலத்தில் நெஞ்சக மருத்துவம் பார்க்கிற எங்களுக்கு, வேலையால் வரும் மூச்சுக்கோளாறு என்றால் உடனே நினைவுக்கு வருபவை வெள்ளிக் கொலுசுப் பட்டறை, டிங்கரிங் பட்டறை, மாக்னசைட் சுரங்கம். இருமலோடு வருகிறவரிடம் என்ன வேலை என்று கேட்காமல் விடமாட்டோம். சில காலமாக நான் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன்: வேலை முடிந்து வீட்டுக்குப் போனபின், விடுமுறை நாளில், கையால் என்ன செய்கிறீர்கள்? இந்தக் கேள்விக்குத்தான் பல இளைஞர்கள் முகம் மலர்ந்து பதில் சொல்கிறார்கள். கைபேசியைத் திறந்து, பொழுதுபோக்காகத் தாங்கள் உருவாக்கி வண்ணம் தீட்டிய வேற்றுக்கிரக உயிரினப் பொம்மையின் படத்தைக் காட்டுகிறார்கள்.

அந்தப் படங்களைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். பெட்டியில் வருவது வெறும் சாம்பல் நிறத் துண்டுகள். தோளை அறுத்து, உள்ளே பித்தளைக் கம்பி செருகி, கையின் வாகையே மாற்றுகிறார்கள். பிசைந்து வைத்தால் இறுகும் எபாக்சி புட்டியை உருட்டிப் புதிதாக ஒரு வால், கூடுதலாக நான்கு உணர்கொம்புகள் சேர்க்கிறார்கள். பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, மெல்லிய பூச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவதுபோலவே காட்டுகிறார்கள். பொறுமையும் கண்ணும் கையும் ஒன்றுசேர வேண்டிய கலை இது. யாரும் இதை விட்டுவிட வேண்டாம். கதவு மூடிய படுக்கையறையில் இதைச் செய்வதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என்னிடம் வருகிறவர்களின் கதை பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கிறது. சனி, ஞாயிறு வேலை செய்கிறார்கள். அப்போது ஒன்றும் தெரிவதில்லை. இரவு படுத்தபின் வறட்டு இருமல், நெஞ்சில் இறுக்கம், விசில் போன்ற மூச்சு. புதன்கிழமைக்குள் சரியாகிவிடுகிறது. எனவே ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை, ஐஸ் தண்ணீர் குடித்தேன் என்று காரணம் தேடுகிறார்கள். பல மணி நேரம் கழித்து வருவதால் பெயிண்டை யாரும் சந்தேகிப்பதில்லை. கிளினிக்குக்கு வரும் நாளில் நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையும் சரியாக இருக்கக்கூடும். அதனால்தான் மூச்சை ஊதும் வேகத்தை எண்ணாகக் காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரைக் கொடுத்து, சில வாரங்கள் காலையும் மாலையும் ஊதிக் குறித்துவரச் சொல்கிறோம். வண்ணம் தீட்டிய நாளுக்குப் பின் எண் சரிந்து, தீட்டாத நாட்களில் ஏறினால் விடை அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

இனி, இதில் எனக்கு மிகுந்த கவலை தரும் பொருளுக்கு வருகிறேன். வேற்றுக்கிரக உயிரென்றால் ஈரமாக, வழவழவென்று மின்ன வேண்டும். கண், ஈறு, நாக்கு எல்லாம் இப்போதுதான் நீரிலிருந்து எழுந்ததுபோல் இருக்க வேண்டும் என்று எல்லோருமே விரும்புகிறார்கள். அந்த மினுமினுப்புக்காக வாகனப் பெயிண்ட் கடைக்குப் போய், இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் டூகே கிளியர் என்ற நிறமற்ற பூச்சை வாங்கி வருகிறார்கள். கார் பம்பருக்கு அடிக்கும் அதே பூச்சு. ஒரு டப்பாவில் ரெசின், சிறிய டப்பாவில் அதை இறுகவைக்கும் ஹார்டனர். அந்த ஹார்டனரில் இருப்பது பெரும்பாலும் ஹெக்சாமெத்திலீன் டைஐசோசயனேட்டும் அதன் வகைகளும். ஐசோசயனேட் என்றதும் போபால் நினைவுக்கு வரும். 1984 டிசம்பரில் அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். ஹார்டனரில் இருப்பது அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு பொருள். அவ்வளவு எளிதில் ஆவியாகாது. ஆனால் பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் ஊற்றி அழுத்தும்போது அது நுண்துளிகளாகி நேராக மூச்சுக்குழாய்க்குள் போகிறது.

ஐசோசயனேட் செய்யும் பெரிய கெடுதல் ஒவ்வாமை. முதல் சில முறை உடல் எதையும் காட்டாது. ஒருமுறை அது ஐசோசயனேட்டை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டால், பிறகு மிகச் சிறிய அளவும் ஆஸ்துமாவைக் கிளப்பும். வாகனங்களுக்கு ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கு இப்படி ஆஸ்துமா வருவது உலகெங்கும் மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. தீங்கு செய்யும் அளவு காற்றில் இருந்தாலும் இதற்கு எச்சரிக்கும்படியான வாசனை இல்லை என்பது இன்னும் மோசம். பெயிண்டை நீர்க்கச் செய்யும் தின்னர் நாறுகிறது, ஆகவே அதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம். நாறாத பொருளை நம்பிவிடுகிறோம். ஆவியை உறிஞ்சும் கரித்தூள் கார்ட்ரிட்ஜ் போட்ட முகமூடி அணிந்தாலும் அந்தக் கரித்தூள் எப்போது தீர்ந்துபோனது என்பதை வாசனையால் அறிய வழியில்லை. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடியும் தனி ஸ்ப்ரே அறையும் உள்ளவர்கள் அடிக்க வேண்டிய பூச்சு அது. வீட்டில் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாக, காயக் காய நான்கைந்து பூச்சு கொடுங்கள். கண்ணும் வாயும் போதுமான அளவு ஈரமாகத் தெரியும். படத்தில் காட்டியவர்களின் வேலையைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நீங்களே ரெசின் வார்த்து உறுப்புகளைப் பிரதி எடுக்கிறவர் என்றால், இரண்டு திரவங்களைக் கலக்கும் அந்தப் பாலியூரிதேனில் ஒன்று ஐசோசயனேட்தான். கெட்டியான பிறகு அந்தக் கவலை பெரிதும் குறைந்துவிடும். ஆனால் கெட்டியான ரெசினை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்க்கும்போது எழும் தூசி வேறு வகை. கண்ணுக்குத் தெரிந்து மேசையில் விழுவதை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். 2.5 மைக்ரானுக்கும் குறைவானதோ நுரையீரலின் கடைசி அறைவரை போய்ச் சேரும். அதற்கும் வாசனை கிடையாது. வழி எளிது: உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். தூசி சேறாகத் தண்ணீரிலேயே நின்றுவிடும். அது காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். துடைப்பத்தால் கூட்டினால் மறுபடி காற்றில் ஏறும்.

எபாக்சி புட்டியை வெறும் விரலால் பிசைபவர்களுக்கு விரலிடுக்கில் அரிப்பும் வெடிப்பும் வருகிறது. 3டி பிரிண்டரில் வரும் இறுகாத ரெசினும் அப்படியே. நைட்ரைல் கையுறை போடுங்கள். சூப்பர் க்ளூ சிந்தினால் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் கொதித்துப் புகைந்து தோலைச் சுட்டுவிடும். வினைல் பொம்மையில் சூடான கத்தியால் செதில் செதுக்குவதும் வேண்டாம். வினைல் என்பது பிவிசி; அது கருகினால் வருவது மூச்சுக்குழாயை எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு. வெந்நீரில் முக்கினாலே பொம்மை வளைக்கும் அளவு இளகும்.

அறையைப் பற்றிப் பேச வேண்டும். சித்திரை வெயிலில் சேலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து உட்காருங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஸ்ப்ளிட் ஏசி போட்டுக்கொள்வார்கள். அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. தின்னர் ஆவி அங்கேயே தங்கும். சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடுவதால் நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோரம் தேங்கும். தரையில் பாய் விரித்துக் குழந்தை தூங்கும் வீட்டில், தாழ்வாக விளக்கு எரியும் பூஜை மூலையில், இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஏற்காட்டில் நிலைமை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்துக்கு அஞ்சி எல்லா ஜன்னலையும் அடைத்துவிடுகிறார்கள். அந்த ஈரத்தில் தின்னரில் கரைத்த லாக்கர் பூச்சை அடித்தால் பூச்சும் பால்போல் வெளுத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதுதான் காரணம். மூட்டம் விலகி வெயில் வந்தபின் திறந்த தாழ்வாரத்தில் அடியுங்கள். பூச்சுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

முகமூடி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். என்95 தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. தின்னர் கலந்த பெயிண்டுக்குத் தூசி வடிகட்டியோடு கரித்தூள் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த முகமூடி வேண்டும். வேலை முடிந்ததும் அதை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வெளியே தொங்கவிட்டால் சும்மா இருக்கும்போதே தீர்ந்துபோகும். தாடி இருந்தால் எந்த முகமூடியும் முகத்தோடு ஒட்டாது.

தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தையும் பார்க்கிறேன். 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கடிகார முகப்புக்கு கதிரியக்கமுள்ள ரேடியம் பெயிண்ட் தீட்டிய இளம்பெண்கள் பலர் இதே பழக்கத்தால்தான் தாடை எலும்பு சிதைந்து இறந்தார்கள். இன்று ரேடியம் இல்லை. ஆனால் சில மஞ்சள், சிவப்பு நிறங்களில் நச்சு உலோகமான காட்மியம் இருக்கிறது. பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. ஆனால் அது வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுகளுக்கானது. வாகனப் பெயிண்டை அது கட்டுப்படுத்தாது.

வார இறுதிக்குப் பின் இரவு இருமல் வருகிறது என்றால் மருத்துவரிடம் போகும்போது, நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு டப்பாவின் பின்புறத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஹார்டனர், ரெசின், தின்னர், புட்டி எதையும் விடாதீர்கள். கடைக்காரர் தின்னரை அளந்து வேறு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தால் அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தெந்த நாளில் தீட்டினீர்கள், எந்த இரவில் இருமல் வந்தது என்பதையும் குறித்துக்கொண்டு போனால், இன்ஹேலர் எழுதுவதோடு நிற்காமல் எந்த டப்பாவை மூடி வைக்க வேண்டும் என்பதையும் அவரால் சொல்ல முடியும்.