டொமைன் போச்சு என்று போன் செய்கிறவர்களுக்கு

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் காலை, விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மதுரை சிம்மக்கல்லில் இருக்கும் என் ஆபீஸுக்கு வந்தார். "தம்பி, ஒரு மாசமா நம்ம வெப்சைட்டைத் திறந்தா என்னென்னமோ விளம்பரமா வந்துச்சு. கூகுள்காரன் போடுறான்னு விட்டுட்டேன். இப்ப அஞ்சு நாளா அதுவும் வரலை. ஹேக் பண்ணிட்டாய்ங்க போல."

ஹேக் எல்லாம் இல்லை. டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், காலாவதியாகி 47 நாள் ஆகியிருந்தது. அவர் சொன்ன அறிகுறியிலேயே பாதி விவரம் இருக்கிறது. கடையின் பக்கம் போய் விளம்பரப் பக்கம் வந்தால், பெயர் இன்னும் ரெஜிஸ்ட்ரார் (பெயரைப் பதிந்து கொடுக்கும் கம்பெனி) கையில் இருக்கிறது, வழக்கமான கட்டணத்திலோ கொஞ்சம் அபராதத்திலோ எடுத்துவிடலாம் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். விளம்பரமும் நின்று, "தளத்தை அடைய முடியவில்லை" என்று பிரவுசர் கைவிரித்தால் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். செலவு அங்கேதான் ஏறும்.

ஊகம் வேண்டாம், நேராகப் பார்த்துவிடலாம். டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் டொமைன் பெயரைத் தட்டினால் ரெஜிஸ்ட்ரார் யார், இப்போதைய நிலை என்ன என்று இலவசமாகக் காட்டும். முன்பு இதற்கு ஹூயிஸ் என்று பெயர். 2025 ஜனவரி கடைசியிலிருந்து டாட் காம் போன்ற பெயர்களுக்கு ஆர்.டி.ஏ.பி. என்ற புதிய முறைதான் அதிகாரபூர்வமானது. பார்க்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காலாவதியான அன்றே, பெயர்களின் மூல ஏட்டை வைத்திருக்கும் பதிவகம் (டாட் காமுக்கு அது வெரிசைன் கம்பெனி) தன் ஏட்டில் ஒரு வருஷத்தைத் தானாகக் கூட்டி எழுதிவிடும். அதனால் காலாவதித் தேதி என்று அடுத்த வருஷத் தேதி தெரியும். "பாருங்க, இன்னும் ஒரு வருஷம் இருக்கே" என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள். ரெஜிஸ்ட்ரார் 45 நாளுக்குள் பெயரை நீக்கினால் அந்த ஒரு வருஷமும் ரத்து. ஆகவே தேதியை நம்பாதீர்கள், நிலை என்ற வரியைப் பாருங்கள். "ஆட்டோ ரெனியூ பீரியட்" என்றிருந்தால் உங்கள் கணக்கில் நுழைந்து பணம் வாங்கியிருக்கிறார்களா என்று அன்றைக்கே பாருங்கள். "ரிடெம்ப்ஷன் பீரியட்" என்றால் கூடுதல் கட்டணம் கட்டி மீட்பதற்கான 30 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. "பெண்டிங் டிலீட்" என்றால் பெயர் அழிய ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் நீங்கள், ரெஜிஸ்ட்ரார், யார் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கப்புறம் பெயர் பொதுவில் விழும், நம் ஊர் நேரத்துக்கு ஏறக்குறைய நள்ளிரவில். அதைக் கவ்வுவதற்கென்றே புரோகிராம் எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. விரலால் தட்டி அவர்களை முந்த முடியாது.

முதல் கட்டமான ஆட்டோ ரெனியூ காலம் எத்தனை நாள் என்பது ரெஜிஸ்ட்ராருக்கு ரெஜிஸ்ட்ரார் மாறும். 45 நாள் என்பது உச்சவரம்பு, உங்கள் உரிமை அல்ல. பழைய பெயர், கூகுளில் நல்ல இடம் என்றால் கெடு முடிவதற்குள்ளேயே ஏலத்துக்கு விட்டுவிடுகிற ரெஜிஸ்ட்ரார்களும் உண்டு. அதனால் "இன்னும் 75 நாள் இருக்கு" என்று கூட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

சுங்குடிக் கடை அண்ணனின் பெயர் ரிடெம்ப்ஷனில் இருந்தது. 25 நாள் மிச்சம். நேரம் இருந்தது, பணமும் இருந்தது. ஆனால் கணக்கு அவருடையது இல்லை.

2016-ல் வெப்சைட் போட்டுக் கொடுத்த பையன், தன் ரீசெல்லர் (ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கி மற்றவர்களுக்கு விற்கும் இடைத்தரகர்) கணக்கிலேயே டொமைனையும் வாங்கியிருக்கிறான். உரிமையாளர் என்ற இடத்தில் அவனுடைய கம்பெனிப் பெயர், அவனுடைய ஈமெயில். வருஷா வருஷம் அண்ணன் அவனுக்கு ஜீபே செய்ததற்கு ஆதாரம் இருந்தது. ஆனால் பதிவேட்டில் அண்ணனோ அவருடைய கடையோ எங்கேயும் இல்லை. டொமைன் என்பது வாங்கிப் போட்ட மனை மாதிரி அல்ல. கோயில் கடையைக் குத்தகைக்கு எடுக்கிற மாதிரி. யார் பெயரில் ரசீதோ அவர்தான் குத்தகைதாரர். பையன் பணத்தோடு ஓடிவிடவில்லை, பாவம். தொழிலை விட்டுவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான். ரெனியூவல் நினைவூட்டல் எல்லாம் அவன் திறந்தே பார்க்காத மெயிலுக்குப் போயிருக்கிறது.

நினைவூட்டல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஐகேன் விதிப்படி காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், காலாவதியான ஐந்து நாளுக்குள் இன்னொரு முறையும் ரெஜிஸ்ட்ரார் அறிவிக்க வேண்டும். புதுப்பிக்கவும் மீட்கவும் எவ்வளவு கட்டணம் என்பதையும் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரார்கள் இதைப் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்கிறார்கள். நான் பார்த்தவரை சிக்கல் மெயில் அனுப்பாததில் இல்லை. போய்ச் சேரும் இடம்தான் தப்பு.

ரெஜிஸ்ட்ராரைப் போனில் பிடித்தேன். "உங்கள் ரீசெல்லரைக் கேளுங்கள்" என்றார்கள். இது வழக்கமான பதில், அங்கேயே சோர்ந்துவிட வேண்டாம். ரீசெல்லர் மூலம் விற்றாலும் ஐகேனோடு ஒப்பந்தம் போட்டிருப்பது ரெஜிஸ்ட்ரார்தான், பொறுப்பும் அவர்களுடையது. போனில் வாதாடுவதை விட்டுவிட்டு அவர்கள் தளத்தில் டிக்கெட், அதாவது எழுத்தில் ஒரு கோரிக்கை, போடுங்கள். டொமைன் பெயர், இப்போதைய நிலை, ரீசெல்லரை எந்தெந்தத் தேதியில் தொடர்புகொள்ள முயன்றீர்கள், நீங்கள் கேட்பது என்ன, எல்லாம் பத்து வரிக்குள் இருக்கட்டும். பான், ஜிஎஸ்டி சான்று, பழைய பில், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் முதல் டிக்கெட்டிலேயே இணையுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டால் கெடு கரைந்துவிடும். கோபத்தை அங்கே காட்டாதீர்கள். சாட்டில் இருக்கும் பெண்ணுக்கு உங்கள் கடையைத் தெரியாது. டொமைனைத் திருட வருகிறவனும் இதே கதையைத்தான் சொல்வான், அவள் சந்தேகப்படுவது அவள் வேலை. விதியை மீறி இழுத்தடித்தால் ஐகேன் தளத்தில் புகார் படிவம் இருக்கிறது. டாட் இன் என்றால் அங்கே போகாதீர்கள். அதை நிர்வகிப்பது நம் நாட்டு நிக்சி.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பையன் அன்று இரவே போன் எடுத்தான். "சாரிண்ணே, பாஸ்வேர்டே மறந்துபோச்சு" என்றவன், பழைய மெயிலை மீட்டு உள்ளே போய், அண்ணன் அனுப்பிய பணத்தைத் தன் ரீசெல்லர் வாலட்டில் போட்டு மீட்புக்கு விண்ணப்பித்தான். டாட் காமுக்கு மீட்புக் கட்டணமாக வெரிசைன் ரெஜிஸ்ட்ராரிடம் வாங்குவது 40 டாலர். அதன் மேல் ரெஜிஸ்ட்ரார் லாபம், ரெனியூவல், வரி எல்லாம் சேர்ந்து பத்தாயிரம் ரூபாயைத் தொட்டது. ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஆயிரத்துச் சொச்சம். "ஒரு கல்யாணச் சேலைக் காசு" என்று சொல்லிவிட்டுக் கட்டினார் அண்ணன்.

இதைவிடக் கஷ்டமான முடிச்சு ஒன்று கே.கே. நகர் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் பார்த்தேன். அங்கே கணக்கு அவர்கள் பெயரில்தான் இருந்தது, சொந்த ஈமெயில்தான். ஆனால் அந்த ஈமெயில் அதே டொமைனில் ஓடுகிறது. டொமைன் நின்றதும் மெயில் நின்றது. மெயில் நின்றதும் ஓடிபி வரவில்லை. ஓடிபி இல்லாமல் கணக்கில் நுழைய முடியாது, நுழையாமல் பணம் கட்ட முடியாது. வீட்டுக்குள் சாவியை வைத்துக் கதவைச் சாத்திய கதை. அவர்களுடைய ரெஜிஸ்ட்ராரில் லாகின் இல்லாமலே யாருடைய பெயரையும் புதுப்பிக்க ஒரு வழி இருந்தது, பிழைத்தார்கள். எல்லா ரெஜிஸ்ட்ராரிடமும் இப்படி இருக்காது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலுக்குள் ஆட்கள் நுழைய முடியாமல் தவித்தபோது, சம்பந்தமே இல்லாத ஒருவர் தன் கார்டில் 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். அதனால் பெயர் அவருடையதாகிவிடவில்லை. புதுப்பிப்பது வேறு, உரிமை வேறு.

டொமைன் நின்ற நாட்களில் வந்த மெயில்கள் எங்கும் சேமிப்பில் இருக்காது. பெரும்பாலும் அனுப்பியவருக்கே திரும்பியிருக்கும். ஸ்கேன் சென்டர்க்காரர்கள் டாக்டர்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டுக் கேட்டார்கள்.

அடுத்தவர் கதையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் தவறும் ஒன்று உண்டு. மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் டொமைனை வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரார் ஒருவரிடம் ஆட்டோ ரெனியூவில், அதாவது கார்டிலிருந்து தானாகவே பணம் எடுத்துப் புதுப்பிக்கும்படி, போட்டுவிட்டு மறந்துவிட்டேன். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்தது: கார்டிலிருந்து திரும்பத் திரும்பத் தானாகப் பணம் எடுக்க வேண்டுமென்றால் முறைப்படி இ-மேண்டேட், அதாவது வங்கியில் முன்கூட்டியே தரும் அனுமதி, பதிவு செய்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டுக் கம்பெனிகள் பணம் எடுக்க முயன்றதெல்லாம் மறுக்கப்பட்டது. கணக்கில் ஆட்டோ ரெனியூ பொத்தான் பச்சையாகவே இருந்தது, பணம்தான் போகவில்லை. தலைமை ஆசிரியை போன் செய்து "என்ன சார், நம்ம சைட்டைக் காணோம்" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். அன்றைக்கே கட்டிவிட்டேன். அப்புறம் கார்டு எண்ணைக் கடைகள் சேமித்து வைக்கக் கூடாது என்ற விதியும் வந்தது. இப்போது ஆட்டோ ரெனியூவை நான் காப்பீடாக மட்டுமே வைத்திருக்கிறேன். முக்கியமான பெயர்களுக்கு ஐந்து வருஷமோ அதற்கு மேலோ மொத்தமாகக் கட்டச் சொல்கிறேன். டாட் காமுக்குப் பத்து வருஷம் வரை கட்டலாம்.

மீட்க முடியாமல் போனதும் உண்டு. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு லாட்ஜ். என்னிடம் வந்தபோது பெயர் விழுந்து, யாரோ எடுத்து, ரம்மி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கேஸ் போடலாமா என்று கேட்டார்கள். டொமைன் பெயர்த் தகராறுகளுக்கு யூ.டி.ஆர்.பி. என்றொரு வழி 1999 முதல் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் உங்களுக்கு வணிகச்சின்ன உரிமை இருக்க வேண்டும், எடுத்தவருக்கு நியாயமான உரிமை எதுவும் இருக்கக் கூடாது, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்தியிருக்க வேண்டும். மூன்றையும் நிரூபிக்க வேண்டும். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவர் கொண்ட வழக்குக்குக் கட்டணம் மட்டும் 1,500 டாலர். இவர்கள் பெயரோ மதுரையில் நாலு லாட்ஜுக்கு இருக்கிற சாமி பெயர், டிரேட்மார்க்கும் பதியவில்லை. வேண்டாம் என்றேன். டாட் இன்னில் புதுப் பெயர் வாங்கினோம்.

ஆனால் அதற்கு முன்னால் வேறொரு வேலை இருந்தது. பழைய டொமைனை எடுத்தவன் நினைத்தால் அதில் மெயில் பெட்டி திறக்கலாம். லாட்ஜின் வங்கிக் கணக்கு, ஃபேஸ்புக் பக்கம், ரூம் புக்கிங் தளங்கள் எல்லாவற்றிலும் பழைய மெயில்தான் இருந்தது. "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அவன் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அன்று மாலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் மெயிலை மாற்றினோம். கூகுள் மேப்பில் இருந்த இணைப்பையும் மாற்றினோம். கோயிலுக்கு வந்த குடும்பங்கள் அதைத் தொட்டுத்தான் ரம்மிக்குள் போய்க்கொண்டிருந்தன. அச்சடித்த கார்டில் இருந்த க்யூஆர் கோடை ஒன்றும் செய்ய முடியவில்லை, ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

காலாவதி நேரத்தில் வரும் போலி மெயில்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். "உங்கள் பெயரைச் சீனாவில் ஒரு கம்பெனி பதியப் பார்க்கிறது, உடனே பதில் தாருங்கள்" என்று வந்தால் அழித்துவிடுங்கள். ரெனியூவல் என்று எந்த மெயில் வந்தாலும் அதிலிருக்கும் லிங்கைத் தொடாமல், ரெஜிஸ்ட்ரார் தளத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

சுங்குடிக் கடைப் பெயர் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அதே ரெஜிஸ்ட்ராரில் அண்ணன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, டொமைனை அதற்குள் மாற்றிவிடும்படி பையனிடம் சொன்னேன். வேறு ரெஜிஸ்ட்ராருக்கு அவசரப்பட்டு மாற்றவில்லை. உரிமையாளர் பெயரை மாற்றினால், வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போக முடியாதபடி 60 நாள் பூட்டு விழலாம், விழட்டும். மெயிலுக்கு அவர் மகளுடைய ஜிமெயில், போனுக்கு அவர் எண்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பையனே கூப்பிட்டான். "அண்ணே, அந்தக் கணக்குல இன்னும் பதினோரு பேரோட டொமைன் கிடக்கு. ரெண்டு பெண்டிங் டிலீட்டுக்குப் போயிருச்சு. மத்தவங்க நம்பர் பாதி என்கிட்ட இல்ல" என்று பட்டியல் அனுப்பினான். அதில் ஒன்று வாடிப்பட்டிப் பக்கம் ஒரு அரிசி ஆலை, ரிடெம்ப்ஷனில் ஆறு நாள் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். ஆலைக்காரர் மோர் கொடுத்து, முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்: "ஏப்பா, நமக்கு வெப்சைட் இருக்காம்ல!"