அறுவை சிகிச்சை பிஜிக்களுக்கு மாவட்டத்தில் மூன்று மாதம்: டி.ஆர்.பி. விதி தருமபுரி, கிருஷ்ணகிரியில்

எம்.எஸ். பொது அறுவை சிகிச்சையில் சேர்ந்தவர் மூன்று ஆண்டையும் தன் கல்லூரியிலேயே முடித்துவிட முடியாது. அதில் மூன்று மாதம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் தங்கி வேலை பார்த்தாக வேண்டும். 2020 செப்டம்பரில் வந்த விதி இது. மாவட்ட உறைவிடப் பயிற்சி என்பது இதன் பெயர். பிஜிக்கள், அதாவது முதுநிலை மாணவர்கள் வாயில் டி.ஆர்.பி. (District Residency Programme). அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி என்ற வேறுபாடு இல்லை. அடுத்த கட்டமான எம்.சிஎச். என்ற உயர்சிறப்புப் படிப்பு படிப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

விதி ஏன் வந்தது? கட்டடமும் ஆசிரியர்களும் இருந்தால் எம்.பி.பி.எஸ். இடம் ஓரளவு எளிதில் வந்துவிடும். அறுவை சிகிச்சை பிஜி இடம் அப்படி வராது. வழிகாட்டத் தகுதியுள்ள பேராசிரியர் எத்தனை, யூனிட்டில் படுக்கை எத்தனை, தியேட்டரில் பெரிய அறுவை எத்தனை என்று எண்ணித்தான் கொடுப்பார்கள். அதனால் இடங்கள் பழைய, பெரிய கல்லூரிகளிலேயே குவிந்தன. தருமபுரிக்குக் கல்லூரி வந்தது 2008இல், கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரியில். இடத்தை நகர்த்துவது கடினம், படிப்பவரை நகர்த்துவது எளிது. டி.ஆர்.பி. இரண்டாவது வழி.

பயிற்சி நடக்கும் இடம், அந்தத் துறையைக் கொண்ட, 50 படுக்கைக்குக் குறையாத அரசு மருத்துவமனையாக இருக்க வேண்டும். இங்கே மருத்துவக் கல்லூரிகள் வந்த பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற தகுதி தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்துக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கும் போனது. குடலிறக்கம், விரைவீக்கம், குடல்வால், சர்க்கரை நோயாளியின் கால் புண், தேசிய நெடுஞ்சாலை 44இல் அடிபட்டு வருபவர்கள் என்று கை பழக வேண்டியதெல்லாம் இப்படிப்பட்ட மருத்துவமனைகளில்தான் அதிகம். தொப்பூர் கணவாய் உள்ள மாவட்டத்தில் விபத்துக் காயத்துக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது செமஸ்டர்களில் ஏதாவது ஒன்றில் போகலாம். கேட்டு வாங்க முடிந்தால் நான்காவதை வாங்குங்கள். மூன்றாவதில் கை இன்னும் தனியாக நிற்காது. அறுவை செய்பவருக்கு ரிட்ராக்டர் (வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் கருவி) பிடித்தே மூன்று மாதம் ஓடிவிடும். ஐந்தாவதில் தீசிஸ் (ஆய்வேடு) கழுத்தைப் பிடிக்கும், இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே அதைக் கொடுத்தாக வேண்டும். எதில் போனாலும், தொடர்ந்து பார்க்க வேண்டிய தீசிஸ் நோயாளிகளின் பட்டியலைக் கிளம்பும் முன்பே யூனிட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். தீசிஸ் வழிகாட்டியிடம் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பேசிக்கொள்ள விதியே இடம் தருகிறது.

உதவித்தொகையைச் சொந்தக் கல்லூரியே முழுதாகத் தொடர்ந்து தரும். வாரம் ஒரு நாள் விடுப்பு, வேலைப்பளு அனுமதித்தால். தங்குமிடம், போக்குவரத்து, பாதுகாப்பு மாநில அரசின் பொறுப்பு.

சிக்கல் தொடங்குவது காகிதத்தில். அரசுக் கல்லூரி மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகத்தின் கீழ் வருகிறது; தலைமை மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ், மாவட்டத்தில் இணை இயக்குநரின் கையில். விடுவிப்பு ஆணை, பணியேற்பு அறிக்கை இரண்டின் நகலும் இரு பக்கமும் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போனால் வருகைப்பதிவு கல்லூரிக்கு வராது, உதவித்தொகை பில்லும் நிற்கும். முதல் நாளே டி.ஆர்.பி. ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து, வருகைப்பதிவை யார், எந்த முகவரிக்கு அனுப்புகிறார் என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது மயக்க மருந்து. மயக்கவியல் நிபுணர் ஒருவரே இருக்கும் இடத்தில் சிசேரியன் வந்தால் உங்கள் ஹெர்னியா (குடலிறக்க) அறுவை மறுநாளைக்குத் தள்ளிப்போகும். தியேட்டர் நாட்களையும் அவருடைய டியூட்டியையும் முதல் வாரத்திலேயே குறித்துக்கொண்டால்தான் கேஸ் கிடைக்கும்.

மூன்றாவது குறை, பிஜி வந்துவிட்டார் என்று அவசரப் பிரிவிலேயே நிறுத்திவிடுவது. இரவு டியூட்டியும் அவசரப் பிரிவும் பயிற்சியில் சேர்ந்தவைதான், மறுக்க முடியாது. ஆனால் விதி உங்களை அந்தத் துறையின் குழுவில் ஒருவராகத்தான் வைக்கிறது. புறநோயாளி, வார்டு பணியும் அதில் உண்டு. டியூட்டி பட்டியலில் அவை இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

செய்த வேலையைப் பதியும் லாக் புக்கில் அந்தந்த வாரமே கையெழுத்து வாங்குங்கள். நிபுணருக்கு மாறுதல் வந்துவிட்டால் அவர் பின்னால் அலைய நேரும். திருப்தியாக முடித்தார் என்ற சான்றிதழ் இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது என்பதால் நகல் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

இனி, இந்த மாவட்டங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்துகொண்டு அறுவை சிகிச்சை படிக்க நினைப்பவர்களுக்கு. அரசுக் கல்லூரி பிஜி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதமுள்ள மாநில இடங்களில் பாதி அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு. இப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31இல் தீர்ப்பளித்தது. எம்.சிஎச்., டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு இடங்களிலும் பாதியைப் பணியில் உள்ளவர்களுக்கு ஒதுக்க 2022இல் அனுமதி கிடைத்தது. கிராமப்புற, கடினப் பகுதிப் பணிக்கு முதுநிலை நீட் மதிப்பெண்ணில் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்கமாகச் சேர்க்கவும் விதியில் இடமுண்டு. ஆனால் ‘தருமபுரிக்காரருக்குத் தருமபுரியில் சீட்’ என்று எதிர்பார்க்க வேண்டாம். பிஜி இடங்களில் வசிப்பிட ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரி 29இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கவுன்சலிங்கில் பலர் தடுக்கி விழுவது, அரசுப் பணியைக் காட்டும் பணிச் சான்றிதழில். நிலையத்தின் பெயரும் தேதிகளும் பணிப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். மாற்றுப்பணியில் வேறு ஊர் போன நாட்களை அதில் தனியாகக் காட்டச் சொல்லி, நீட் முடிவுக்குக் காத்திராமல் முன்னதாகவே வாங்கி வையுங்கள்.