ஒரு லிட்டரில் இரண்டாயிரம் கிலோமீட்டர்: கணக்கு எங்கே இடிக்கிறது?

ஷெல் ஈக்கோ-மாரத்தான் போட்டியின் கதை 1939-இல், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள வுட் ரிவர் ஆய்வகத்தில் தொடங்கியது. யாருடைய கார் ஒரே அளவு பெட்ரோலில் அதிக தூரம் போகும் என்று அங்கிருந்த ஷெல் எண்ணெய் நிறுவன ஊழியர்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். 1985-இல் பிரான்சில் அது மாணவர் போட்டியானது. 2010-இல் மலேசியாவின் செப்பாங்குக்கும், 2018 டிசம்பரில் சென்னைக்கும் வந்தது. சூரிக் மாணவர்களின் பேக்-கார் 2 என்ற ஹைட்ரஜன் வண்டி 2005-இல், பெட்ரோல் கணக்கில் லிட்டருக்கு 5,385 கி.மீ. ஓடிக் காட்டியது. பெட்ரோல் இஞ்சின் வைத்தே இரண்டாயிரம், மூவாயிரம் கி.மீ. தொட்ட அணிகளும் உண்டு.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. ‘புரோட்டோடைப்’ பிரிவில் மூன்று சக்கர வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வண்டி 40 கிலோ, படுத்தபடி ஓட்டுபவர் 50 கிலோ, ஆக மொத்தம் 90. விதிப்படி ஓட்டுநர் 50 கிலோவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் எடைக்கட்டி வைக்க வேண்டும். இந்தப் போட்டிக்கென்றே செய்த டயர்களின் உருளல் தடைக் கெழு, அதாவது எடையில் எத்தனை பங்கு உருளலைத் தடுக்கிறது என்ற எண், 0.0015 அளவில் இருக்கும். சாதாரண கார் டயருக்கு அது 0.01-ஐ ஒட்டி வரும். ஆக, உருளல் தடை 1.3 நியூட்டன். உடல்வடிவம் நன்றாக அமைந்துவிட்டால், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை 0.9 நியூட்டன். இரண்டும் சேர்ந்து 2.2 நியூட்டன், கால் கிலோ எடையைக் கையில் பிடித்திருக்கும் விசை கூட இல்லை.

அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்குத் தேவை 2,200 ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்ந்தால் கூட 2,900 கி.மீ. போகலாம். காகிதத்தில் வரும் இந்த எண் தடத்தில் பாதியாகவும் கால்வாசியாகவும் சுருங்குவதற்கான காரணங்களில்தான் சிறிய அணியின் உண்மையான வேலை இருக்கிறது.

முதலில் இஞ்சின். 2.2 நியூட்டனை 25 கி.மீ. வேகத்தில் சமாளிக்க 15 வாட் போதும். அணிகள் பெரும்பாலும் எடுப்பது புல்வெட்டியில் வரும் 35 சி.சி. நான்கு-ஸ்ட்ரோக் இஞ்சின். அதன் திறன் ஏறத்தாழ ஆயிரம் வாட். அதை 15 வாட்டுக்கு ஓட்டினால், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் மூடியே கிடக்கும். காற்றை உறிஞ்சவும் உள் உராய்வைத் தள்ளவுமே எரிபொருள் தீர்ந்துவிடும். அதனால் எரித்து-உருட்டும் முறை. 18 கி.மீ. வேகத்தில் இஞ்சினைக் கிளப்பி, த்ராட்டிலை நன்றாகத் திறந்து, ஐந்தாறு வினாடியில் 32 கி.மீ.-க்கு ஏற்றி, உடனே அணைத்துவிட வேண்டும். பிறகு சுமார் இரண்டரை நிமிடம், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், வண்டி தானாக உருளும். வேகம் 18-க்கு இறங்கியதும் மறுபடி கிளப்ப வேண்டும். சராசரி 25 வந்துவிடும்.

இதற்கு கியர் விகிதம் முக்கியம். 20 அங்குல சக்கரத்துக்கு ஏறத்தாழ 10-க்கு 1 வைத்தால், அந்த வேக எல்லைக்குள் இஞ்சின் 2,000 முதல் 3,500 சுழற்சிக்குள் நிற்கும். ஒரே ஜோடி பல்சக்கரத்தில் அதை எட்டப் பார்த்தால் சின்னப் பல்சக்கரத்தில் செயின் கூர்மையாக மடங்கி நஷ்டம் கூடும். இரண்டு கட்டமாகப் பிரிப்பதே நல்லது. உருளும்போது செயினும் கிளட்சும் சுற்றவே கூடாது. பின்சக்கரத்தில், சைக்கிளில் இருப்பது போன்ற ஃப்ரீவீல் கட்டாயம்.

இனி சக்கரம். முன் இரண்டு சக்கரமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் டயர் உருள்வதோடு பக்கவாட்டிலும் தேயும். இந்த இழுவை கோணத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். தலா அரை டிகிரி விலகலே 0.4 நியூட்டன் வரை தின்னக்கூடும். மொத்தத்தில் அது ஆறில் ஒரு பங்கு. கார்பன் ஃபைபருக்குப் பணம் செலவழித்து நாலைந்து கிலோ குறைத்தால் கிடைப்பது மூன்று சதவீதம்தான். பணம் குறைவான அணி முதலில் தொட வேண்டியது அலைன்மென்டைத்தான். இரண்டு சக்கரத்தின் விளிம்பிலும் நேரான சட்டத்தை வைத்து, ஒரு மீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். ஒரு சக்கரத்தில் 0.1 டிகிரி என்பது அங்கே 1.7 மி.மீ. வித்தியாசமாகத் தெரியும். ஓட்டுநர் உள்ளே படுத்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். வெற்று வண்டியில் சரியாக இருந்த கோணம், 50 கிலோ ஏறி அச்சு வளைந்ததும் மாறிவிடும்.

பேரிங்கில் ரப்பர் சீலைக் கழற்றி, கெட்டி கிரீஸைக் கழுவி, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். மழைக்குப் பின் திரும்பக் கழுவ வேண்டும். பிரேக் பேட் டிஸ்க்கை உரசுகிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும். காதில் விழாத உரசலும் இங்கே பெரிய செலவு.

உண்மையான தடையை அறிய உருட்டுச் சோதனைதான் வழி. 20 கி.மீ. வேகத்தில் விட்டுவிட்டு, வேகம் குறைவதை நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவே இந்த வண்டியை 0.9 நியூட்டன் விசையோடு தள்ளும்; கண்ணுக்குச் சமதளம் போலவே இருக்கும். ஆகவே அதே பாதையில் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்காத எந்த எண்ணையும் நம்பக் கூடாது. காற்றடிக்கும் நாளில் சோதிப்பதே வீண்.

அளவீட்டுக்கு வருவோம். பெட்ரோல் ஒரு சிறிய கண்ணாடிக் கலனில் இருக்கும், 30 சி.சி. அளவிலும் உண்டு. பம்புக்குப் பதிலாக அழுத்தக் காற்று அதை, இஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குத் தள்ளும். ஓட்டம் முடிந்ததும் கலனைப் பழைய குறி வரை நிரப்ப எவ்வளவு ஊற்றினார்களோ அதுவே செலவு. லிட்டருக்கு 2,500 கி.மீ. தரும் வண்டி 16 கி.மீ. ஓடினால் செலவு 6.4 சி.சி. ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல். குழாயில் ஒளிந்திருந்த 0.2 சி.சி. காற்றுக்குமிழ் ஓட்டத்தின் நடுவே வெளியேறினால், அந்த இடத்தை நிரப்பிய பெட்ரோலும் எரிந்ததாகவே கணக்கில் ஏறும். மூன்று சதவீதம் போச்சு. குழாய் ஒளிபுகும் குழாயாக, குட்டையாக, வளைவில்லாமல் மேல்நோக்கிப் போக வேண்டியது இதனால்தான். வெயிலில் பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் 30 சி.சி.-யில் 0.3 சி.சி. விரியும். அதனால் நடுவர்கள் வெப்பநிலையைக் குறித்துத் திருத்தம் செய்கிறார்கள்.

ஓட்டுநர் பிரேக்கைத் தொடுவதுதான் ஆகப் பெரிய செலவு. 32 கி.மீ.-இல் போகும் வண்டியில் சுமார் 3,500 ஜூல் இருக்கிறது; ஒரு முழு நிறுத்தம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கான ஆற்றலைச் சூடாக்கி வீசிவிடும். எந்த வளைவுக்கு முன் எரிப்பதை நிறுத்த வேண்டும், மேட்டின் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதைத் தடத்தை நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். வளைவில் டயர் பக்கவாட்டில் வழுக்குவதும் நஷ்டமே. அகலமான கோட்டில் எடுப்பது நல்லது.

இத்தனையும் செய்த வண்டிகள் ஒரு செல்லுபடியான ஓட்டம் கூட இல்லாமல் திரும்புவது உண்டு. 20 சதவீதச் சரிவில் பிரேக் பிடித்து நிற்க வேண்டும், பெல்ட்டும் கூரையும் கழற்றி ஓட்டுநர் 10 வினாடிக்குள் வெளியே வர வேண்டும், இஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புச் சுவரில் ஓட்டை இருக்கக் கூடாது. ஆய்வில் தேறியபின் அதிகம் கவிழ்ப்பது மறு ஸ்டார்ட்தான். மேசையில் ஒரே இழுப்பில் கிளம்பும் இஞ்சின், மூடிய பெட்டிக்குள் பத்தாவது முறை சூடாகக் கிளம்ப மறுக்கும். இன்ஜெக்டர் அருகே பெட்ரோல் ஆவியாகியிருக்கும், பேட்டரியும் தளர்ந்திருக்கும். சோதனையில் இருபது முறையாவது, மூடியை மூடிவைத்தே, இரண்டரை நிமிட இடைவெளி விட்டுக் கிளப்பிப் பார்க்க வேண்டும்.