கார்ல மஞ்சள் ஃபாக் லைட் போடலாமா, ரூல் என்ன சொல்லுது?

நிறைய பேர் கேக்குற கேள்வி இது, அதனால பதிலை முதல்லயே சொல்லிடுறேன், போடலாம். ஐ.நா. வாகன விதிகள்ல முன்பக்க ஃபாக் லைட்டுக்கு ரெண்டே ரெண்டு கலருக்குத்தான் அனுமதி, ஒண்ணு வெள்ளை, இன்னொண்ணு செலக்டிவ் யெல்லோனு சொல்ற மஞ்சள். 1968ல வந்த வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்துலயும் இதேதான் இருக்கு. நீலம், பச்சை, ஊதா எதுக்கும் இடமில்ல, சிவப்பு பின்பக்க ஃபாக் லைட்டுக்கு மட்டும். ஒரு பக்கம் மஞ்சள் ஒரு பக்கம் வெள்ளைனு கலந்து போடவும் கூடாது, ஜோடி ரெண்டும் ஒரே கலரா இருக்கணும். இதை அப்படியே எடுத்துக்கிட்ட நாடும் இருக்கு, கொஞ்சம் மாத்தி வச்சிருக்கற நாடும் இருக்கு, அதனால வாங்குறதுக்கு முன்னாடி உங்க நாட்டு மோட்டார் வாகன விதியை ஒரு தடவை பாத்துடுங்க.

ஆனா கலரை மட்டும் பாத்து வாங்குறதுலதான் பிரச்சனையே ஆரம்பிக்குது. மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைச்சுக்கிட்டு போகும்னு எல்லாரும் சொல்றாங்க, அது உண்மையில்ல. மூடுபனில இருக்கற தண்ணித்துளி ஒளியோட அலைநீளத்தை விட ரொம்பப் பெருசு, அதனால அது எல்லா கலரையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். அப்போ மஞ்சளால பிரயோஜனமே இல்லையான்னா, இருக்கு, அது நம்ம கண்ணுல இருக்கு. வெள்ளை வெளிச்சத்துல இருக்கற நீலப் பகுதிதான் கண்ணை அதிகமா கூச வைக்கும், மஞ்சள்ல அந்த நீலத்தை எடுத்துடுறாங்க, அதனால பனில பட்டு நம்ம மூஞ்சிக்கே திரும்பி வர்ற வெளிச்சம் அவ்வளவா உறுத்தாது, ராத்திரி ரொம்ப நேரம் ஓட்டுறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். பிரான்ஸ்ல 1930கள்ல இருந்து 1993 வரைக்கும் ஹெட்லைட்டே மஞ்சளா இருக்கணும்னு சட்டம் வச்சிருந்தாங்க.

பனில நிஜமா வேலை செய்யறது லைட் எங்க இருக்கு, வெளிச்சம் எந்த வடிவத்துல விழுதுங்கறதுதான். நல்ல ஃபாக் லைட் வெளிச்சம் அகலமா, தரையை ஒட்டி, மேல்பக்கம் கத்தியால வெட்டின மாதிரி நிக்கும், அந்தக் கோட்டுக்கு மேல போனா பனி வெள்ளைச் சுவரா தெரிய ஆரம்பிச்சிடும். ஐ.நா. விதில கார்களுக்கு உயரக் கணக்கு வச்சதும் இதுக்காகத்தான், தரைல இருந்து 250 மில்லிமீட்டருக்குக் கீழயும் கூடாது 800க்கு மேலயும் கூடாது, லோ பீமை விட உயரமா இருக்கக்கூடாது, காரோட வெளி ஓரத்துல இருந்து 400 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், ஹெட்லைட்டோட சேராம தனியா ஆன் ஆஃப் பண்ண முடியணும். அதனால கூரை மேல மாட்டுற மஞ்சள் லைட் பார் எவ்வளவு பவரா இருந்தாலும் ஃபாக் லைட் கணக்குல வராது.

கடைல பாக்கும்போது லென்ஸ் மேல இருக்கற முத்திரையைத் தேடுங்க, வட்டத்துக்குள்ள ஒரு ஆங்கில ஈ எழுத்தும் பக்கத்துல ஒரு நம்பரும் இருக்கும், கூடவே பி (B) இல்லன்னா எஃப்3 (F3)னு போட்டிருந்தா அது முன்பக்க ஃபாக் லைட்டா சோதிச்சு அனுமதி வாங்கினதுனு அர்த்தம். டப்பா மேல மட்டும் போட்டிருந்தா நம்பாதீங்க, லைட்லயே பதிஞ்சிருக்கணும். இன்னொண்ணு, ஹாலஜன் பல்புக்குன்னு செஞ்ச ஹவுசிங்ல எல்.இ.டி. பல்பை சொருகுறது. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. ஒளி கிளம்புற இடம் கொஞ்சம் மாறினாலே ரிஃப்ளெக்டர் கணக்கு கெட்டுப்போய் வெளிச்சம் மேல சிதறும், உங்களுக்கும் ரோடு தெரியாது எதிர்ல வர்றவருக்கும் கண்ணு தெரியாது. எல்.இ.டி.தான் வேணும்னா எல்.இ.டி.க்குன்னே செஞ்ச முழு லைட்டா வாங்குங்க. ஹாலஜன்லயே மஞ்சள் பல்பு போடுறவங்க அதே டைப் அதே வாட்ஸ் பாத்துக்கோங்க, எச்8 35 வாட்ஸ், எச்11 55 வாட்ஸ், பாக்க கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், அதிக வாட்ஸ் போட்டா ஹவுசிங் உருகலாம். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுறதும் வேண்டாம், வெளிச்சத்தைத்தான் குறைக்கும்.

மாட்டினதும் சமதரைல சுவருக்கு நேரா காரை நிறுத்தி லைட்டைப் போட்டுப் பாருங்க, வெளிச்சத்தோட மேல்கோடு லைட் இருக்கற உயரத்தை விடக் கீழ இருக்கணும், ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல நிக்கணும். இல்லன்னா மெக்கானிக்கிட்ட சொல்லி இறக்கிடுங்க.

எப்போ போடணும்னா, பனி, பனிப்பொழிவு, பலத்த மழை, இந்த மாதிரி நேரத்துலதான். பின்பக்க சிவப்பு ஃபாக் லைட் விஷயத்துல இன்னும் கவனமா இருங்க, அது சாதாரண டெயில் லைட்டை விட ரொம்பப் பிரகாசம், பனி கலைஞ்ச பிறகும் எரிஞ்சா பின்னாடி வர்றவருக்கு நீங்க பிரேக் போடுறதே சரியா தெரியாமப் போகும், அதனால ரோடு தெளிஞ்சதும் முதல்ல அதை அணைங்க.