ஆட்சி மாறினால் அரசு வக்கீல் மாறலாம், வழக்கு மாறலாமா?

தேர்தல் முடிவு வந்ததும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரே பேச்சுதான்: அடுத்த ஏ.ஜி. (அட்வகேட் ஜெனரல், மாநில அரசின் தலைமை வக்கீல்) யார், பி.பி. (பப்ளிக் பிராசிக்யூட்டர், குற்ற வழக்குகளை அரசுத் தரப்பில் நடத்துபவர்) யார்? ஆட்சியோடு அரசு வக்கீல்களும் மாறுவது இங்கே பழகிப்போன விஷயம். சட்டமும் அதைத் தடுக்கவில்லை. பதவிக்கு வந்தவர் கட்சிக்காக வழக்கை நடத்தலாமா என்பதுதான் கேள்வி.

எல்லா அரசு வக்கீலும் ஒரே ரகமில்லை. எழும்பூர், சைதாப்பேட்டை மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் நிற்கும் உதவி அரசு வழக்கறிஞர்கள் டி.என்.பி.எஸ்.சி. வழியாக வந்த அரசு ஊழியர்கள். நடத்தை விதிகளின்படி அவர்கள் கட்சியில் சேரவோ பிரசாரம் செய்யவோ கூடாது. அட்வகேட் ஜெனரல் வேறு. அரசியல் சாசனத்தின் 165-வது பிரிவின்படி ஆளுநர் நியமிக்கிறார் என்றாலும், தேர்வு செய்வது ஆளுங்கட்சிதான். சட்டசபையில் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. செஷன்ஸ் கோர்ட் பி.பி.க்குக் குறைந்தது 7 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும்.

பி.பி. ஒழுங்காக நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சென்னையே சாட்சி. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு இங்குள்ள தனி நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. 2001-இல் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. அப்புறம், ஏற்கெனவே விசாரிக்கப்பட்ட 76 அரசுத் தரப்பு சாட்சிகளை மறுபடி கூண்டேற்றினார்கள். பி.பி. ஆட்சேபிக்கவில்லை. பெரும்பாலோர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அவர்களைப் பிறழ்சாட்சிகளாக அறிவிக்கச் சொல்லிக்கூட அவர் கேட்கவில்லை! தி.மு.க.வின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார்; 2003 நவம்பரில் வழக்கு பெங்களூருக்கு மாறியது. தன் வழக்கைத் தானே தோற்க அரசு தயாராக இருந்தால் அந்த ஊரில் நியாயம் கிடைக்காது என்பதுதான் அதன் சாரம்.

வழக்கையே வாபஸ் வாங்க நினைத்தால்? இப்போது நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 360-வது பிரிவின்படி, வாபஸ் மனு போட வேண்டியவர் பி.பி.; அதுவும் அரசு சொன்னது என்பதற்காக அல்லாமல், கோப்பைத் தானே படித்து முடிவெடுத்து. கோர்ட் சம்மதிக்க வேண்டும். அதற்கு முன் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். எம்.பி., எம்.எல்.ஏ. மீதான வழக்கென்றால் உயர் நீதிமன்ற அனுமதியில்லாமல் வாபஸ் கிடையாது. 2021-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு அது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆளுங்கட்சிக்குப் பிடிக்காதவரை எப்படியாவது உள்ளே தள்ளுவதும் பி.பி.யின் வேலையில்லை. குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தை மறைக்கக் கூடாது என்று வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதியே சொல்கிறது.

சரி, உங்கள் வழக்கில் அரசு வக்கீல் வாய் திறக்கவில்லை என்றால்? கோர்ட் அனுமதியோடு அவருக்கு உதவியாகச் சொந்த வக்கீல் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். தொழில் ஒழுக்கம் மீறிய வக்கீல் என்றால், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவின் கீழ் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. ‘அவர் அந்தக் கட்சிக்காரர்’ என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது. எந்தத் தேதியில், எந்த மனுவில், என்ன செய்யத் தவறினார் என்று கோர்ட் உத்தரவு நகலோடு எழுதுங்கள்.