தானே புயலும் 5 டாலர் கேமும்

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அதற்குச் சில நாள் முன்புதான், கிறிஸ்துமஸ் தள்ளுபடியில், புதுச்சேரியில் இருக்கும் சித்தப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி கிரெடிட் கார்டு வாங்கி, பழைய கம்ப்யூட்டர் கேம் ஒன்றை 5 டாலருக்கு வாங்கியிருந்தேன். அன்றைய கணக்கில் 260 ரூபாய் சொச்சம். கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டு பிராட்பேண்டில் அதை இறக்கி முடிக்க இரண்டு ராத்திரி ஆனது. திறந்து பார்ப்பதற்குள் புயல் வந்துவிட்டது.

விழுந்த கம்பங்களை நிமிர்த்தி ஒருவழியாகக் கரண்ட் வந்தது. டெலிபோன் லைன் வரவில்லை. சரி, கேமாவது விளையாடலாம் என்று ஐகானைத் தட்டினால், சர்வரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. தனி ஆள் ஆடும் கேம் அது. எதிரில் ஆட யாரும் தேவையில்லை. படம், இசை, நிரல் எல்லாம் என் ஹார்ட் டிஸ்கில் இருந்தன. அப்புறம் யாரிடம் என்ன கேட்க அது வெளியே போனது?

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கேம் என்பது கடைசியில் எண்களின் மூட்டை. எண்ணில் அசல், நகல் என்ற பேதம் கிடையாது. என் டிஸ்கில் இருக்கும் 7, உங்கள் டிஸ்கில் இருக்கும் 7-ஐவிட ஒசத்தி இல்லை. ஆகவே கேம் விற்பவர்களுக்கு ஆரம்பம் முதல் ஒரே கவலைதான்: நகலெடுக்க முடிகிற இந்த எண்களை, நகலெடுக்க முடியாத ஏதாவது ஒன்றோடு கட்டிவைக்க வேண்டும். மாட்டைக் கட்ட முளைக்குச்சி வேண்டும் அல்லவா, அதுபோல.

முதல் முளை காகிதம். 1989ல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் முதல் கட்டம் முடிந்ததும் ஒரு அறையில் நிறைய மருந்துக் குடுவைகள் இருக்கும். கேமோடு வந்த கையேட்டில் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல்லின் முதல் எழுத்து எதுவோ, அந்த எழுத்துள்ள குடுவையைக் குடிக்க வேண்டும். பிளாப்பியை மட்டும் காப்பி அடித்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். கையேட்டை ஜெராக்ஸ் எடுத்தால் கதை முடிந்தது. அதற்கும் பதில் வைத்திருந்தார்கள்: ஜெராக்ஸ் எந்திரத்துக்கு அடர்சிவப்பும் கறுப்பும் ஒன்றாகவே தெரியும் என்பதால், சில கேம்களில் குறியீட்டுத் தாளை அடர்சிவப்புக் காகிதத்தில் அச்சடித்தார்கள். மனிதக் கண்ணுக்கே படிக்கச் சிரமம்.

அடுத்த முளை சிடி. எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த தந்திரம் இதில்தான் இருக்கிறது. தகவல் உள்ள சிடியில் எல்லாம் செக்டர் என்னும் துண்டுகளாகப் பதிந்திருக்கும். ஒரு செக்டர் 2,352 பைட். அதில் நமக்கு வேண்டிய சரக்கு 2,048 பைட்தான். மீதியில் பெரும்பகுதி, படிக்கும்போது பிழை வந்தால் கண்டுபிடித்துத் திருத்துவதற்கான உபரி எண்கள். கீறல் விழுந்த சிடியும் ஓரளவு ஓடுவதில் இந்த உபரிக் கணக்கின் புண்ணியமும் உண்டு. 1990களின் கடைசியில் வந்த சேஃப்டிஸ்க் என்ற காப்புமுறை இந்தக் கணக்கை வேண்டுமென்றே கெடுத்தது. தொழிற்சாலையில் அச்சாகும் அசல் சிடியில் குறிப்பிட்ட சில செக்டர்களின் உபரி எண்கள் தப்பாக இருக்கும். டிரைவ் அங்கே போனால் திணறிவிட்டு, படிக்க முடியவில்லை என்று திரும்பும்.

இதை வீட்டில் நகலெடுத்தால் என்ன ஆகும்? சாதாரண சிடி ரைட்டர் சமர்த்துப் பிள்ளை. ஒவ்வொரு செக்டருக்கும் உபரி எண்களைத் தானே புதிதாக, சரியாகக் கணக்கிட்டு எழுதிவிடும். நகல் பிசிறில்லாமல் வரும். அதுதான் வினை. கேம் திறக்கும்போது அந்தக் குறிப்பிட்ட இடத்தைப் போய்ப் படித்துப் பார்க்கும். படிக்க முடியாவிட்டால் அசல். நன்றாகப் படிக்க முடிந்தால் போலி! திருப்பாப்புலியூரில் நாங்கள் சிடி எழுதி வாங்கும் கடைக்கார அண்ணன், "எரர் இல்லாம காப்பி ஆகுது தம்பி, ஆனா ஓட மாட்டேங்குது" என்று தலையைச் சொறிந்ததன் காரணம் எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது.

இந்தச் சோதனையைச் செய்ய விண்டோஸின் அடிமட்டத்தில் டிரைவர் என்னும் துணை நிரல் ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவு ஆழத்தில் இருக்கும் நிரலில் ஓட்டை இருந்தால் திருடனுக்கு நேராக வீட்டின் நடுக்கூடத்துக்கே வழி. 2015ல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரைச் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் பாதுகாப்பு அப்டேட் மூலம் அதை முடக்கியது. விளைவு விசித்திரமானது. காசு கொடுத்து வாங்கிய அசல் சிடி ஓடவில்லை. காப்பை உடைத்து எடுத்த திருட்டு நகல் ஓடியது.

மூன்றாவது முளைதான் இன்றும் இருப்பது: சர்வர். கேம் திறக்கும்போது உங்கள் கணக்கு, கேமின் எண், கணினியின் அடையாளம் ஆகியவற்றை அனுப்பும். அடையாளம் என்பது மதர்போர்டு, பிராசசர், டிஸ்க் போன்றவற்றின் விவரங்களைச் சேர்த்து அரைத்தெடுத்த ஒரு எண். சர்வர் தன் ஏட்டைப் பார்த்துவிட்டுச் சீட்டு ஒன்று தரும்: இந்த ஆள், இந்தக் கணினியில், இந்தக் கேமை, இன்ன தேதி வரை ஆடலாம். அந்தச் சீட்டு இருந்தால்தான் கேமின் பூட்டு திறக்கும். முதல்முறை வாங்க வேண்டிய அந்தச் சீட்டைத்தான் 2012 ஜனவரியில் என்னால் வாங்க முடியவில்லை.

அப்படியொரு சீட்டை நானே தயாரித்துக்கொள்ளக் கூடாதா? கூடாது என்பதல்ல, முடியாது. சீட்டின் அடியில் ஒரு மின்கையொப்பம் இருக்கும். 1977ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ போன்ற முறைகள் இங்கே வேலை செய்கின்றன. இதில் ஜோடிச் சாவிகள். ஒன்று சர்வரிடம் மட்டும் இருக்கும். கையொப்பம் போட அது வேண்டும். மற்றது என் கணினியிலேயே இருக்கும். கையொப்பம் சரியா என்று பார்க்க மட்டுமே அது உதவும். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு ஒரு நொடி வேலை. பெருக்கி வந்த நூற்றுக்கணக்கான இலக்க எண்ணைக் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடி என்றால் இன்றைய கணினிகள் கையை விரித்துவிடும். அந்த ஒருவழிப் பாதைதான் மொத்தப் பாதுகாப்பும்.

கணிதம் பலமானது, ஆனால் சீட்டைச் சரிபார்க்கும் வேலை நடப்பது என் கணினிக்குள். எவ்வளவு பெரிய கணக்குப் போட்டாலும் கடைசியில் சரி என்றால் உள்ளே போ, இல்லையென்றால் நில் என்ற ஒரு கட்டளையில்தான் வந்து முடியும். அந்தக் கட்டளையைத் தேடி மாற்றிவிட்டால் போதும். வங்கியில் பூட்டை வைத்திருப்பவரும் திருடனும் வேறு வேறு ஆட்கள். இங்கே பூட்டையும் சாவியையும் யார் வீட்டில் வைக்கிறார்களோ, அவரையே நம்பாமல் இருக்க வேண்டியிருக்கிறது. 2014 முதல் புழக்கத்தில் உள்ள டெனுவோ என்ற காப்புமுறை, அந்தக் கட்டளைகளைக் கேமின் நிரல் முழுக்கத் தூவி, உருமாற்றி ஒளித்துவைக்கிறது. அதையும் உடைக்கிறார்கள், நாள் ஆகிறது, அவ்வளவுதான். கேம் வெளிவந்த முதல் சில வாரங்களில்தான் விற்பனை அதிகம் என்பதால் நிறுவனங்களுக்கு அதுவே போதும். பிறகு பலர் டெனுவோவைத் தாங்களே கழற்றிவிடுகிறார்கள்.

தள்ளுபடிக்கு வருவோம். ஆடித் தள்ளுபடி நமக்குப் புரியும். ஆடியில் கல்யாணம் இல்லை, கடை காற்று வாங்குகிறது, தேங்கிய சரக்கைத் தள்ள வேண்டும். கேமில் தேங்கும் சரக்கே கிடையாது. ஆயிரம் பேர் வாங்கினாலும் லட்சம் பேர் வாங்கினாலும் கிடங்கில் இருப்பது ஒரே பிரதி. பின் எதற்கு டிசம்பரில் 75 சதவீதம், 90 சதவீதம் என்று குறைக்கிறார்கள்? ஒரு கற்பனைக் கணக்கு: 1,000 ரூபாய் கொடுக்கத் தயாராக 10 பேர் இருக்கிறார்கள், 200 என்றால் வாங்குவோம் என்று இன்னும் 100 பேர். 1,000-லேயே விலையை வைத்தால் வரவு 10,000. முதலில் 1,000-க்கு விற்றுவிட்டு, விடுமுறைக்கு 200 ஆக்கினால் 30,000. பொறுமை இல்லாதவரையும் பொறுமைசாலியையும் பிரித்தெடுக்கும் சல்லடை காலம்தான். புடவையில் இதைச் செய்ய முடியாது, நூல் விலைக்குக் கீழே போனால் நஷ்டம். கேமில் கூடுதலாக ஒரு பிரதிக்கான செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். இருபது வருடம் முன்பே போட்ட முதலை எடுத்துவிட்ட கிளாசிக் கேமுக்கு, வருவதெல்லாம் வரவு.

200 ரூபாய் என்றால் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. நான் வாங்கிக் குவித்து இன்னும் திறக்காத கேம்களின் எண்ணிக்கையைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. எதை வாங்குகிறோம் என்ற கேள்வியும் அந்த அவசரத்தில் அடிபட்டுப் போகிறது. பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவருக்குக் காய் மட்டும் சொந்தம், மரம் இல்லை. அது அவருக்குத் தெரியும், எத்தனை வருடம் என்பதும் பேசியிருப்பார். கேம் கடைப் பொத்தானில் 'வாங்கு' என்று இருக்கிறது, தருவது குத்தகை, வருடக் கணக்கு எங்கும் எழுதியிருப்பதில்லை. 2014ல் வந்த தி க்ரூ என்ற கார் பந்தயக் கேமின் சர்வர்களை யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும் என்று கட்டப்பட்ட கேம் என்பதால் காசு கொடுத்தவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. தருவது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக் கூடாது. அதில் ஒரு விலக்கு: வாங்கியவர் இறக்கி, தன்னிடம் வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமலே பயன்படுத்த முடியும் என்றால் அந்த அறிவிப்பு வேண்டாம். டிஆர்எம், அதாவது இதுவரை சொன்ன காப்புப் பூட்டு, இல்லாத கேம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் குழுமம் 2008ல் தொடங்கிய ஜிஓஜி அந்த வகைக் கடை. அங்கே தருவதும் சட்டப்படி உரிமம்தான். நகல் போட்டு ஊருக்கு விற்கக் கூடாது. ஆனால் கேமை நிறுவும் இன்ஸ்டாலர் கோப்பு உங்கள் கைக்கு வந்துவிடும், அது யாரையும் எதுவும் கேட்காது. ஸ்டீம் என்ற இன்னொரு இணையக் கேம் கடையிலும் காப்புப் போடுவது தயாரிப்பாளரின் விருப்பம்தான் என்பதால், ஸ்டீமைத் திறக்காமலே ஓடும் கேம்கள் அங்கும் சில இருக்கின்றன.

பூட்டு இல்லாவிட்டால் மட்டும் பழைய கேம் ஓடிவிடாது. 1981ல் வந்த ஐபிஎம் பிசியின் பிராசசர் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்துக் கேம்கள் சிலவற்றில் கடிகாரம் பார்க்கும் பழக்கமே இல்லை. இத்தனை ஆயிரம் வரை எண்ணிவிட்டு எதிரியை ஓர் அடி நகர்த்து என்று எழுதியிருப்பார்கள். இன்றைய பிராசசரில் அந்த எண்ணிக்கை கண் இமைப்பதற்குள் முடிந்து, எதிரி வந்து அடித்துவிட்டும் போயிருப்பான். எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டரில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்தது. வேகத்தைக் கூட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பட்டன் வந்ததே இப்படிப்பட்ட நிரல்களுக்காக வேகத்தைக் குறைக்கத்தான்.

அந்தப் பட்டனின் வேலையை இப்போது டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் செய்கிறது. 2002 முதல் கிடைக்கிறது. உங்கள் விண்டோஸுக்குள்ளேயே ஒரு பழைய பிசியை நடித்துக் காட்டும்: பழைய பிராசசர், 256 வண்ண விஜிஏ திரை, சவுண்ட் பிளாஸ்டர் ஒலி கார்டு எல்லாம் பாவனை. கேம் தரும் ஒவ்வொரு கட்டளையையும் வாங்கி, அந்தப் பழைய சில்லு என்ன செய்திருக்குமோ அதைச் செய்து காட்டும். ஒரு மில்லிநொடிக்கு எத்தனை கட்டளை என்று நீங்களே வைக்கலாம். 3,000 என்பது வழக்கமான தொடக்கம். ஜிஓஜியில், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கேம் வாங்கினால், பெரும்பாலும் இதை அந்தந்தக் கேமுக்கு ஏற்றபடி திருகிவைத்து இன்ஸ்டாலரோடு கொடுத்துவிடுகிறார்கள்.

இன்ஸ்டாலர் கைக்கு வந்தபின் பொறுப்பு நம்முடையது. கடை மூடினால் மறுபடி இறக்க முடியாது. நான் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். ஒன்று மஞ்சக்குப்பத்தில், ஒன்று புதுச்சேரி சித்தப்பா வீட்டில். கடற்காற்றில் இரும்பு கிரில்லே உதிரும் ஊரில் ஒரே பிரதியை நம்பக் கூடாது. கோப்பு கெடவில்லை என்று தெரிந்துகொள்ள ஷா-256 என்ற சாற்றுக் கணக்கு போடலாம். எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் 64 குறிகளாக அரைத்துத் தரும். உள்ளே ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறு விடை வரும். இறக்கிய அன்றே அந்த 64 குறிகளை எழுதிவைத்துக்கொண்டு, வருடம் ஒருமுறை ஒப்பிட்டால் போதும். இப்படிச் சொந்த உபயோகத்துக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்து வைப்பதை நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. திருடும் நோக்கத்தோடு காப்பை உடைப்பது மட்டும் 2012 திருத்தத்துக்குப் பிறகு தண்டனைக்குரிய குற்றம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது நான் சித்தப்பா வீட்டில் இருந்தேன். கரண்ட் இல்லை, வைஃபை இல்லை, போனில் சிக்னலும் போய்விட்டது. சித்தப்பா மகன் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தான். அலமாரியிலிருந்து டிஸ்கை எடுத்து லேப்டாப்பில் செருகி, அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு வந்த ஒரு கேமை நிறுவினேன். எதையும் கேட்கவில்லை, திறந்துவிட்டது. "என்னண்ணா, பிக்சல் பிக்சலா இருக்கு" என்றவன் ஐந்து நிமிடத்தில் மவுசை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். பேட்டரி 41 சதவீதம் இருந்தது.