மூளைப் படம் மதிப்பெண் பட்டியல் அன்று

சிறு துளை வழியே கருவிகளை நுழைத்து, கேமரா காட்டும் திரையைப் பார்த்தபடி செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைச் சிகிச்சையின் பயிற்சிக்கு முதன்முறையாக வரும் முதுநிலை மாணவர், பயிற்சிப் பெட்டிக்குள் விரித்த காஸ் துணியில் வரைந்திருக்கும் வட்டத்தை வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். பெயர் சொல்லி அழைத்தாலும் காதில் விழாது. சில வாரங்கள் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, வார்டில் இருக்கும் நோயாளியின் பொட்டாசியம் அளவை நான் கேட்டால் சொல்லிக்கொண்டே வெட்டி முடிப்பார். நாங்கள் கண்ணால் மட்டுமே அறிந்திருந்த இந்த மாற்றத்தை இப்போது மூளையிலும் அளக்க முடிகிறது.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்துக்கொண்டு யாரும் இப்படி வெட்டிப் பழக முடியாது. அதனால், தலையில் அணியும் தொப்பி வழியாக அண்மை அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, மூளையின் மேற்பரப்பில் இரத்த ஆக்சிஜன் ஏறி இறங்குவதைக் கணிக்கும் எஃப்நிர்ஸ் முறை இங்கே கைகொடுக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இதே வட்டம் வெட்டும் பயிற்சியின்போது, தேர்ந்த அறுவை மருத்துவர்களுக்கு நெற்றிக்குப் பின்னிருந்து கவனத்தையும் திட்டமிடலையும் ஆளும் ப்ரீஃப்ரன்டல் பகுதியின் செயல்பாடு புதியவர்களைவிடக் குறைவாகவும், அசைவை ஆளும் பகுதிகளின் செயல்பாடு கூடுதலாகவும் இருந்தது.

இதைக் கொண்டே திறமைச் சான்றிதழ் வழங்கலாம் என்ற பேச்சு எழும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நேர நெருக்கடியில் வேலை தடுமாறிய பயிற்சி மருத்துவர்களுக்கும் அந்த ப்ரீஃப்ரன்டல் செயல்பாடு குறைந்தே காணப்பட்டது. கை பழகியதால் வந்த அமைதியும், திணறி மனம் கைவிட்டதால் வந்த அமைதியும் படத்தில் ஒன்றுபோலவே தெரியக்கூடும் என்றால், படத்தை மட்டும் பார்த்து ஒருவரைத் தேர்ச்சி பெற்றவர் என்று எப்படிச் சொல்வது?

கருவிக்கும் எல்லைகள் உண்டு. ஒளி மூளையின் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாகச் செல்லாது. பழக்கத்தைப் பதியவைக்கும் பேசல் கேங்லியா போன்ற உட்பகுதிகள் அதற்கு எட்டா. பதற்றத்தில் நெற்றித் தோலில் பாயும் இரத்தமும் அளவீட்டில் கலந்துவிடும். இரத்த ஓட்டம் மாறவே சில விநாடிகள் ஆவதால், கத்தரி நழுவிய அந்தக் கணம் தனியாகப் பதிவாகாது.

எந்தப் பயிற்சி முறை கையில் நன்றாகப் படிகிறது, எத்தனை நாள் இடைவெளியில் திறமை மங்குகிறது என்று குழுக்களை ஒப்பிட்டு ஆராய இந்தப் படங்கள் மிகவும் தேவை. அதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஒரு தனி மாணவரை நோயாளியிடம் அனுப்பலாமா என்று முடிவு செய்யும்போது, வெட்டிய காஸ் துணியை வெளிச்சத்தில் பிடித்து, கோட்டைவிட்டு எங்கெங்கே விலகியிருக்கிறது என்று அவரோடு சேர்ந்து பார்க்கிறேன். பிறகு, நெருக்கடி கொடுத்து இன்னொரு வட்டத்தை வெட்டச் சொல்கிறேன்.